ஒரே எட்டு எண்கள், இரண்டு திட்ட விலக்கங்கள்: எது சரி?

கேள்வி:
வணக்கம். பொருளியல் படித்த நான் புள்ளியியலைச் சொந்த முயற்சியில் கற்று வருகிறேன். இதுவரை எக்செலில் மட்டுமே கணக்கிட்டேன். இப்போது பைத்தான் நிரல்மொழியும் பழகுகிறேன். 2, 4, 4, 4, 5, 5, 7, 9 ஆகிய எண்களின் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) எக்செலின் ஸ்டிடெவ் சார்பில் 2.138 என்றும், பைத்தானின் நம்பை என்ற கணக்கீட்டு நூலகத்தில் 2 என்றும் வருகிறது. எண்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். எது சரி?

மறுமொழி 1:
இரண்டும் சரியே. சராசரி 5, அதிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 32. நம்பை அதை 8ஆல் வகுக்கிறது, எக்செல் 7ஆல் வகுக்கிறது. பிறகு இரண்டும் வர்க்கமூலம் காண்கின்றன. இந்த எட்டு எண்களே உங்கள் முழுத் தொகுதி என்றால் 8ஆல் வகுப்பதே முறை. அவை பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்றால், தொகுதியின் உண்மைச் சராசரி நமக்குத் தெரியாததால் மாதிரியின் சராசரியையே வைத்துக்கொள்கிறோம். அந்தச் சராசரி தன் எண்களுக்கு நடுவிலேயே அமைவதால் விலக்கங்கள் உள்ளதைவிடச் சிறியனவாகத் தோன்றுகின்றன. அந்தக் குறையை ஈடுசெய்யவே ஒன்றைக் கழித்து 7ஆல் வகுக்கிறோம். ஆயிரம் எண்கள் இருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. எட்டு எண்களில் அது ஏறத்தாழ 7 விழுக்காடு.

மறுமொழி 2:
பைத்தானிலேயே பாண்டாஸ் என்ற தரவு நூலகம் 7ஆல்தான் வகுக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நம்பையில், வகுக்கும் எண்ணிலிருந்து எவ்வளவு கழிப்பது என்று சொல்லும் டிடிஓஎஃப் என்ற அளவுருவுக்கு 1 கொடுத்தால் அதுவும் 2.138 தரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எக்செலை விட்டுவிட்டு முழுமையாகப் பைத்தானுக்கு மாறிவிடலாமா?

மறுமொழி 3:
வேண்டாம் என்பதே என் கருத்து. ஒவ்வோர் எண்ணும் கண்முன் கிடப்பதால் விலக்கம், வர்க்கம், கூட்டல் என்று படிப்படியாகப் புரிந்துகொள்ள எக்செலைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே சூத்திரம் கட்டத்துக்குள் மறைந்திருப்பதால் பிழையும் மறைந்துவிடுகிறது. கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வில், சராசரிச் சூத்திரம் 49ஆம் வரிசை வரை செல்லாமல் 44உடன் நின்றதால் ஐந்து நாடுகள் விடுபட்டன. அந்தக் கோப்பை வாங்கிச் சோதித்த தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர்களும் அதை 2013இல் வெளிப்படுத்தினர். அவர்களின் மறுகணக்கில் ஆய்வின் முடிவு மாறியதற்குச் சில தரவுகளை விலக்கியதும், சராசரியில் நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும் பெரிய காரணங்கள் என்றாலும், வரிசைப் பிழை எவர் கோப்பிலும் நேரக்கூடியது. ஆகவே சராசரி எழுதும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில், எத்தனை எண்கள் சேர்ந்தன என்று காட்டும் கவுன்ட் சார்பையும் எழுதுங்கள். அதே கணக்கைப் பைத்தானில் ஒருமுறை செய்து ஒப்பிடுங்கள்.