மீதிப் பாதி யார் கொடுத்தது?

பூமாலை:
தம்பி_974 நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கொரோனா காலத்தில் ரெயூனியன் மேயர்கள் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் பிரெஃபே செய்தார். மேயர் கொடுத்ததாகச் சொல்லும் முகக்கவசம்கூட அரசாங்கக் காசு." இதுதான் அவர் எழுதியது. (எங்கள் ரெயூனியன் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவு; பிரெஃபே என்பவர் இங்கே பிரெஞ்சு அரசின் பிரதிநிதி.)

2020 மார்ச் 17இல் ஊரடங்கு வந்து தீவே வீட்டுக்குள் போனது. அன்றிலிருந்து மே 11 வரை எங்கள் ஊர் மேரியின், அதாவது நகராட்சியின், சமூக உதவி மையத்தில் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தவள் நான். அந்த மையத்துக்குச் சட்டப்படி தலைவர் மேயர். 2003 கோடையில் பிரான்ஸில் வெப்ப அலையில் ஆயிரக்கணக்கான முதியவர்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகுதான் தனியாக இருக்கும் முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் பெயரை ஒவ்வொரு மேயரும் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். மருந்து இருக்கிறதா, அரிசி இருக்கிறதா, கேஸ் தீர்ந்துவிட்டதா? பிரெஃபே கேட்டால் அந்தப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், சரி. ஆனால் கூப்பிட்டது நாங்கள்.

தம்பி_974:
அக்கா, பட்டியலைப் பற்றி நான் பேசவே இல்லை. முகக்கவசத்தைப் பற்றித்தான் பேசினேன். மேரிகள் வாங்கிய முகக்கவசத்துக்குப் பாதிச் செலவை அரசு ஏற்றுக்கொண்டதா, இல்லையா?

பூமாலை:
ஏற்றுக்கொண்டது, ஒரு விலை வரம்பு வரை. மீதிப் பாதி யார் கொடுத்தது?

தம்பி_974:
பாதி அரசு கொடுத்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். போதும்.

கரும்புக்காட்டான்:
நானும் சொல்கிறேன். மார்ச் 15இல் முதல் சுற்றுத் தேர்தல். இரண்டாம் சுற்று தள்ளிப்போய் ஜூன் 28இல் நடந்தது. நடுவில் பழைய மேயர்களே நாற்காலியில் இருந்தார்கள். முகக்கவசம் அந்த நடுவில்தான் வந்தது. பூமாலை அக்கா, இது சேவையா, ஓட்டா? எங்கள் அம்மாவுக்கு 78 வயது. அவருடைய தபால் பெட்டியில் ஒன்றுகூட வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஆறு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் யாருக்காகப் பிரசாரம் செய்தார் என்று தெருவுக்கே தெரியும்.

பூமாலை:
உங்கள் அம்மாவுக்கு வராதது தப்பு. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் முகக்கவசம் ஏப்ரல், மே மாதங்களில் தேவைப்பட்டது, அதனால் அப்போது வந்தது. தேர்தல் முடியட்டும் என்று ஜூலையில் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மீதிப் பாதி பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தம்பி_974:
மேயருக்கு அதிகாரமே இல்லை என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? பாரிஸுக்குப் பக்கத்தில் சோ என்று ஒரு ஊர். வெளியே வந்தால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும் என்று அந்த ஊர் மேயர் ஆணை போட்டார். பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்செய் தேத்தா, அந்த ஆணையை நிறுத்தி வைத்தது சரிதான் என்று 2020 ஏப்ரல் 17இல் சொல்லிவிட்டது. முகக்கவசம் போடு என்று சொல்லக்கூட அதிகாரம் இல்லாதவர் ஊரைக் காப்பாற்றினாராம்.

பூமாலை:
தீர்ப்பை முழுதாகப் படி தம்பி. அந்த ஊருக்கே உரிய கட்டாயமான காரணம் இருந்தால், அரசின் நடவடிக்கைக்குக் குறுக்கே போகாமல் இருந்தால், மேயரும் ஆணை போடலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. சோவுக்கு அப்படி ஒரு காரணம் இல்லை என்றுதான் நிறுத்தினார்கள்.

அப்புறம், ஆணை போடுவது ஒன்றுதான் வேலையா? தொடக்கப் பள்ளிக் கட்டடம் யாருடையது? மேரியுடையது. கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளி மாவட்டத்துடையது, லிசே என்கிற மேல்நிலைப் பள்ளி பிராந்தியத்துடையது, சின்னப் பிள்ளைகள் பள்ளி மட்டும் மேரியுடையது. கேண்டீனும் அப்படியே. பள்ளி மூடியதும் மதியச் சாப்பாடு போச்சு. கேண்டீன் சோற்றை நம்பியே பிள்ளையை அனுப்பும் வீடுகள் எங்கள் மலைப் பக்கத்தில் எத்தனை என்று உனக்குத் தெரியுமா? அந்த வீடுகளுக்கு மளிகைப் பொட்டலம் கட்டியது யார்? நான் கட்டினேன். மேரி ஓட்டுநர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தம்பி_974:
நீங்கள் கட்டினீர்கள், ஓட்டுநர் கொடுத்தார். மேயர் எங்கே?

பூமாலை:
பணத்துக்குக் கையெழுத்துப் போட்டது மேயர்.

தம்பி_974:
யார் பணம்? பாதி அரசுப் பணம்.

பூமாலை:
அது முகக்கவசத்துக்கு! பொட்டலத்துக்கு இல்லை! எதை எடுத்தாலும் பாதி, பாதி.

ரோஸ்ஹில் செல்வம்:
மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். சண்டை போடவாவது உங்களுக்கு ஒரு மேயர் இருந்தார். இங்கே 2020 மார்ச் 24இல் சூப்பர்மார்க்கெட்டுகளையே மூடிவிட்டார்கள். ஏப்ரல் 2இல் திறந்தபோது குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்து நாள் பிரித்தார்கள். ராமசாமியும் வீராசாமியும் புதன், சனி. எல்லாம் மேலிருந்து வந்த உத்தரவு, எங்கள் மேயர் வாய் திறந்து நான் கேட்கவில்லை. 2015க்குப் பிறகு நகராட்சித் தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. பத்து வருஷம்! அரசு பணம் கொடுத்தால் அது அரசின் சேவைதான். தம்பி சொல்வது சரி.

பூமாலை:
உங்கள் ஊரில் மேயர் சும்மா இருந்தால் எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள் ஐயா? இங்கே 24 கொம்யூன் (நகராட்சி), 24 மேயர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி.

ரோஸ்ஹில் செல்வம்:
கோபப்பட வேண்டாம் அம்மா. உரிமையைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் நாங்கள். 1998இல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். ஊரே எழுந்தது, நோட்டையே திரும்பப் பெற்றார்கள். உங்கள் தீவில் தமிழ்ப் பெயரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லையே.

கரும்புக்காட்டான்:
அதை மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் தாத்தாவுக்கு வீட்டில் முருகன் என்று பெயர், மேரிப் புத்தகத்தில் வேறு பெயர். 1803ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்காட்டியில் இருக்கும் பெயர், பழைய சரித்திரத்தில் இருக்கும் பெயர், இவற்றைத்தான் பதிவு செய்வார்கள். 1993இல்தான் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டார்கள். நாங்கள் காப்பாற்றாமல் விடவில்லை, எழுத விடவில்லை. மேரி வாசலை மிதிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அந்தக் கட்டடத்தைப் புகழ்ந்து இங்கே எழுதுகிறார்கள்.

பூமாலை:
அந்தச் சட்டம் பாரிஸில் போட்டது. 2020இல் தொலைபேசி எடுத்த எங்களை எதற்கு அதில் இழுக்கிறீர்கள்?

ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. கோயில் பூட்டியிருந்தது. பதிவேட்டில் இருந்த ஒரு பாட்டியைக் கூப்பிட்டேன். அரிசி வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறார், மருந்து வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறார். கோயிலில் விளக்கு ஏற்ற யாராவது போனார்களா என்று கிரியோலில் கேட்டார். நான் பூசாரியைக் கூப்பிட்டு விசாரித்து, ஏற்றியாயிற்று என்று திரும்பச் சொன்னேன். அப்போதுதான் அந்த அம்மாள், சரி, அரிசி அனுப்பு என்றார். இதைப் பிரெஃபே செய்திருப்பாரா?

அப்புறம் டெங்கு. அந்த ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாக்காரர்களைவிட டெங்குக்காரர்கள்தான் இந்தத் தீவில் பல மடங்கு. தெருவில் கிடந்த பழைய டயரையும் தண்ணீர் தேங்கிய சாமான்களையும் அள்ளியது மேரி ஆட்கள்.

தம்பி_974:
குப்பை அள்ளுவது கடமை. கடமையைச் செய்ததற்கு மாலை போட முடியாது. முகக்கவசக் கணக்குக்கு வாருங்கள்.

பூமாலை:
கடமையைச் செய்தார் என்று ஒப்புக்கொண்டாயா? நேற்று "ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதினாய்.

தம்பி_974:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

கரும்புக்காட்டான்:
எங்கள் அம்மாவின் பெயர் உங்கள் பதிவேட்டில் இருந்ததா? அதை முதலில் சொல்லுங்கள்.

பூமாலை:
பெயர் கொடுத்தவர்களைத்தான் பதிவார்கள். யாரையும் கேட்காமல் எழுத முடியாது. நீங்கள் கொடுத்தீர்களா?

கரும்புக்காட்டான்:
அப்படி ஒரு பதிவேடு இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும். யார் வந்து சொன்னார்கள்?

ரோஸ்ஹில் செல்வம்:
பாருங்கள், இதைத்தான் சொன்னேன்.

பூமாலை:
நீங்கள் ரூபாய் நோட்டைத்தான் சொன்னீர்கள் ஐயா. கரும்புக்காட்டான், அம்மாவின் பெயரை நாளைக்கே போய் எழுதிக் கொடுங்கள், சூறாவளிக் காலத்துக்காவது உதவும். தம்பி, மீதிப் பாதி யார் கொடுத்தது?

தம்பி_974:
முதல் பாதி யார் கொடுத்தது?