கூலர் லொறிப் பெட்டியை டீசல் இல்லாமல் குளிர வைக்கலாமா?

குருநகரான்:
சின்னக் கூலர் லொறி ஒன்று வைத்திருக்கிறேன். பின்னேரம் இறாலும் மீனும் ஏற்றினால் விடியமுதல் கொழும்புப் பக்கம் பேலியகொடை மீன் சந்தையில் நிற்க வேண்டும், ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பெட்டியின் கொம்பிரசர் லொறி எஞ்சினில்தான் பெல்ற் போட்டு ஓடுகிறது. தேத்தண்ணிக்கு இறங்கினாலும் எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். 2022இல் டீசல் வரிசையில் மாட்டுப்பட்டு, மிச்சமிருந்த டீசலைக் காப்பாற்ற எஞ்சினை நிறுத்தினேன். பிறகு கதவைத் திறந்தால் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் எல்லாம் தண்ணி, இறால் தலைகள் கறுத்துக் கிடந்தன. பாதி விலைக்கும் ஒருவரும் தொடவில்லை. வீட்டுக் கூரையில் சோலர் இருக்கிறது. பற்றறி பூட்டினால் சரிவருமா?

சுன்னாகம் ஏசி வேலை:
பற்றறிக்கு அவசரப்படாதீங்க அண்ணை. குளிரையே சேமித்து வைக்கலாம். பெட்டிக்குள் உப்புக் கரைசல் அடைத்த தட்டுகளைப் பூட்டி, பகலில் கரண்டில் உறைய வைத்தால், இரவு முழுக்க உருகி உருகிக் குளிர் தரும். ஐஸ்கிரீம் வான்களில் இது பழைய வேலை. 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 100 கிலோ என்றால் 9 யூனிட் கரண்டுக்கு மேலான வெப்பம். உப்புக் கரைசலில் கொஞ்சம் குறையும். பாரம்தான் கரைச்சல், அவ்வளவு மீன் குறைத்து ஏற்ற வேண்டும்.
காஸ் கசிவையும் பாருங்கள். ஆர்404ஏ என்ற குளிரூட்டும் காஸ் ஒரு கிலோ வெளியே போனால், பூமியைச் சூடாக்குவதில் கிட்டத்தட்ட 3.9 தொன் கரியமில வாயுவுக்குச் சமன். டீசல் கணக்கில் 1,400 லீற்றருக்கு மேல் எரித்த மாதிரி.

பருத்தித்துறை வாசி:
லொறியே டீசலில் ஓடும்போது பெட்டிக்கு மட்டும் என்ன பெரிய புகையில்லாக் கதை? இரவில் கரண்டில் உறைய வைத்தால் அதிலும் நுரைச்சோலை மின்நிலையத்து நிலக்கரி இருக்கும்.

குருநகரான்:
லொறியை மாற்ற இப்போது காசில்லை, பெட்டியையாவது பார்ப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓட்டம், இடைநாள் முழுக்க லொறி வளவில் நிற்கும். வெயில் கரண்டிலேயே உறைய வைக்கலாம்தானே. தம்பி, வெள்ளிக்கிழமை கொண்டுவரவா? கதவு ரப்பரையும் பாருங்கோ, கீழ்மூலையில் விரல் போகிறது.

சுன்னாகம் ஏசி வேலை:
விரல் போகுதா? அப்ப முதலில் ரப்பர், பிறகுதான் தட்டு. காலமை கொண்டு வாங்கோ.