அடுக்கு அவிழ்கிறதா, பிரிகிறதா?

வணக்கம்.

'ஸ்டாக் அன்வைண்டிங்' என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக ஈப்போ நண்பர் முன்வைத்த 'அடுக்கு அவிழ்ப்பு' எனக்கு ஒட்டவில்லை. அவிழ்வது முடிச்சு, இல்லாவிட்டால் வேட்டி. சி பிளஸ் பிளஸ் நிரல் பாதியில் விதிவிலக்கு (எக்செப்ஷன், அதாவது பிழை அறிவிப்பு) வீசும்போது நடப்பது வேறு: அதுவரை அடுக்கில் உருவான பொருள்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கடைசியாக உருவானது முதலில் போக வேண்டும். சொல்லில் அந்த வரிசை தெரிய வேண்டாமா?

பினாங்கில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) கல்யாணப் பந்தல் போடும்போது மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வார்கள்? துணியை எடுப்பார்கள், அப்புறம் குறுக்குக் கழி, கடைசியில்தான் கால். காலை முதலில் பிடுங்கினால் எல்லாம் தலையில் விழும். இதைப் 'பந்தலைப் பிரிப்பது' என்றுதானே சொல்கிறோம்? ஆகவே 'அடுக்குப் பிரிப்பு'. 'அடுக்கு பிரிகிறது' என்று வினையாக்கலாம், 'பிரிப்பு வரிசைச் சோதனை' என்றும் நீட்டலாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 5 உறுப்புகள் உள்ள பொருளில் 3ஆவது உறுப்பின் ஆக்கி (கன்ஸ்ட்ரக்டர், அதை உருவாக்கும் நிரல்பகுதி) விதிவிலக்கு வீசித் தோற்றால், 2ஆவது அழியும், பிறகு 1ஆவது. 3ஆவதன் அழிப்பி (டிஸ்ட்ரக்டர், அழியும்போது ஓடும் நிரல்பகுதி) ஓடாது. முழுப் பொருளின் அழிப்பியும் ஓடாது. நடாத காலைப் பிடுங்க முடியுமா? உறுப்புகள் உருவாவது கிளாஸில் அறிவித்த வரிசையில்தான், ஆக்கியில் நாம் எழுதும் வரிசையில் அல்ல. சோதனை எழுதும் புதியவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

உடன் வேலை செய்யும் தம்பி ஒருநாள், "அண்ணே, ஒரு அழிப்பிகூட ஓடலை, கம்பைலர் கோளாறு" என்று வந்து நின்றான். பார்த்தால், விதிவிலக்கைப் பிடிக்கும் கேட்ச் பகுதி எங்கேயும் இல்லை. பிடிக்க ஆளில்லாத விதிவிலக்குக்கு அடுக்கைப் பிரிப்பதா, அப்படியே நிறுத்துவதா என்பதைத் தரநிலை கம்பைலரிடமே விட்டிருக்கிறது. மெயினில் ஒரு கேட்ச் போட்டதும் அழிப்பிகள் வரிசையாக ஓடின. கம்பைலரைத் திட்டியதுதான் மிச்சம்.

கணினி வட்டை (டிஸ்க்) பாகம் போடுவதற்கும் 'பிரிப்பு' என்கிறார்களே என்று கேட்பீர்கள். அதற்குப் 'பாகம்பிரித்தல்' இருக்கட்டும், குழப்பம் வராது.

எனக்கு அகப்படாதது ஒன்று. அடுக்கு பிரிந்துகொண்டிருக்கும்போது ஓர் அழிப்பியிலிருந்து இன்னொரு விதிவிலக்கு வெளியே வந்தால், டெர்மினேட் அழைக்கப்பட்டு நிரல் அங்கேயே நின்றுவிடும். இதைப் 'பிரிப்பு முறிவு' எனலாமா? 'முறிவு' என்றதும் பலருக்குக் கிராஷ்தான் நினைவுக்கு வரும். நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.