‘அளபுருவழி அமைப்புக் குடும்பம்’ – சொல் சரிதானா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒத்த பல அமைப்புகளை ஒரே நிரலில் எழுதிச் சோதிக்க உதவும் புரோஃபீட் (ProFeat) மொழியில், அந்த அமைப்புகளின் தொகுப்பான குடும்பத்தை (family) அறிவிக்கும் பகுதிக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். எடுத்துக்காட்டு, காரைக்குடி வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அமைப்பு: மோட்டார் 1 முதல் 3 வரை, தொட்டி 1 அல்லது 2, இன்வெர்ட்டர் உண்டு அல்லது இல்லை. மொத்தம் 12 அமைப்புகள். இன்வெர்ட்டர் இருந்தால் ஒரே மோட்டார்தான் என்று விதித்தால், அதோடு 2, அது இல்லாமல் 6, ஆக 8.

இங்கே மோட்டார் எண்ணிக்கை மாறிலியும் இல்லை, மாறியும் இல்லை. ஓர் அமைப்பு ஓடி முடியும்வரை அது அசையாது. அமைப்புக்கு அமைப்புதான் வேறுபடும். இதைச் சாதாரண மாறியாக 1..3 என்று எழுதி, தொடக்க மதிப்பைக் கொடுக்காமல் விட்டால், புரோஃபீட் நிரலை மொழிபெயர்த்துக் கொடுக்கும் சோதிப்புக் கருவியான பிரிசம் (PRISM) கீழெல்லையான 1ஐத் தானே எடுத்துக்கொள்ளும். ஒற்றை மோட்டாரை மட்டும் சோதித்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று விடை வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் வம்பு.

இப்படிப்பட்ட மதிப்புக்கு (parameter) பள்ளிக் கணிதத்தில் ‘துணையலகு’, கணினிப் பாடநூலில் ‘அளபுரு’. என் ஓட்டு அளபுருவுக்கு. ஆனால் நிரலின் கூற்று வார்ப்புருவுக்குக் (module template) கொடுக்கும் மதிப்பும் அளபுருதான். அது பிரிசம் நிரலாக மொழிபெயர்க்கும்போதே கரைந்துவிடும், புதிய அமைப்பைப் பெற்றுத் தராது. ஆகவே இதைக் ‘குடும்ப அளபுரு’ என்று பிரித்தே எழுத வேண்டும். குடும்பத்துக்கு ‘வகையறா’ என்று முன்பு ஒரு யோசனை வந்ததே, அது பொருந்துமா? உள்ளே இருக்கும் ஒவ்வோர் அமைப்புக்கும் என்ன பெயர்?

——

> வகையறா பொருந்துமா?

வேண்டாம் அண்ணே. பத்திரத்தில் ‘வகையறா’ என்று கண்டால் எத்தனை பேர் என்று விசாரித்து அலைய வேண்டும். இங்கே 8 என்றால் 8தான். குடும்பமே இருக்கட்டும்.

> ஒவ்வோர் அமைப்புக்கும் என்ன பெயர்?

‘புள்ளி’. நகரத்தார் வழக்கில் கல்யாணமான மகன் தனிப் புள்ளி; கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். கணக்கிலும் (2, 1, இல்லை) என்பது அளபுரு வெளியில் ஒரு புள்ளியே. ஆனால் வரைபடத்தில் நிலைகளையும் புள்ளியாகத்தான் போடுகிறோம். ஆகவே ‘குடும்பப் புள்ளி’ என்று முழுதாக எழுதுங்கள்.

‘இன்வெர்ட்டர் இருந்தால் ஒரே மோட்டார்’ போன்ற விதிக்கு (initial constraint) ‘கட்டுப்பாடு’ என்ற சொல் மட்டும் ஆகாது. ஓட்டத்தின் நடுவே அம்சங்களை (features) ஏற்றி இறக்கும் ‘அம்சக் கட்டுப்படுத்தி’யோடு முட்டும். ‘தொடக்க நிபந்தனை’ என்று போடலாம். ‘தொடக்க’ என்ற அடையை மட்டும் சுருக்கத்துக்காக வெட்டிவிடாதீர்கள். தொடக்க நிபந்தனை முதல் நிலையோடு முடிந்துவிடும். வெறும் நிபந்தனை, தன்னை மீறும் கட்டுப்படுத்தியின் ஒவ்வொரு மாற்றத்தையும் பிடித்து நிறுத்தும்.