ரெசினுக்குள் மல்லிகை பழுப்பாகிறது, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அசல் பூக்களைக் காயவைத்து, ரெசினில் (ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் பிசின்) பதித்துத் தோடும் பதக்கமும் செய்து பழகுகிறேன். கடதாசிப்பூ நிறம் மாறாமல் அப்படியே நிற்கிறது. அதில் ஈரம் குறைவு. மல்லிகைதான் சரிவரவில்லை. புத்தகத்துக்குள் இரண்டு வாரம் வைத்தேன், தொட்டால் சரசரத்தது. ஆனாலும் ரெசின் ஊற்றிய மூன்றாம் நாள் காம்படியிலிருந்து பழுப்பு ஏறிவிட்டது, இதழைச் சுற்றி ஊசிமுனை அளவில் குமிழிகள். உள்ளே ஈரம் மிஞ்சியிருக்க வேண்டும், கடற்காற்று வேறு.

அந்த மல்லிகை அம்மம்மா நட்ட கொடி. அவர் இப்போது இல்லை. அக்காவின் கல்யாணத்துக்கு அந்தப் பூவில் ஒரு பதக்கம் கொடுக்க ஆசை.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் புதைத்தால் வெள்ளை நிற்குமா? எத்தனை நாள்? ஊற்றுமுன் பூவுக்கு ஏதும் பூச வேண்டுமா? மாரி தொடங்குமுன் முடிக்க வேண்டும், செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.