மின்கசிவு, குறுக்குச்சுற்று, குறுஞ்சுற்று: எதைப் போடுவது?

நண்பர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்சுற்றுகள் பற்றிய பயிற்சி ஏடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. ஷார்ட் சர்க்யூட்டில் மாட்டிக்கொண்டேன். செய்திகளில் 'மின்கசிவால் தீ' என்றே படித்த பழக்கத்தில் மின்கசிவு என்று போட்டிருந்தேன். சரிபார்த்த ஆசிரியை சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிவிட்டார். ஒரே ஒரு சொல் தந்தால் போதும்.

ந.

* * *

> ஒரே ஒரு சொல் தந்தால் போதும்

இந்தக் குழுவில் வந்து ஒரு சொல் மட்டும் கேட்கிறீர்களே, தம்பி!

ஆசிரியை சுழித்தது சரிதான். 12 வோல்ட் மின்கல அடுக்கில் 6 ஓம் விளக்கை மாட்டினால் 2 ஆம்பியர் ஓடும். அந்த விளக்கின் இரு முனைகளையும் ஒரு செம்புக் கம்பியால் சேர்த்துவிடுங்கள். 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் உள்ள செம்புக் கம்பியின் தடை ஏறத்தாழ 0.017 ஓம். ஓம் விதிப்படி வகுத்தால் 700 ஆம்பியரைத் தாண்டும். அடுக்கின் அகத்தடை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் தடை, அவ்வளவு ஓட விடாது. ஆனாலும் விளக்கு அணைந்து கம்பி கொதிக்க அந்த மிச்சம் போதும்.

கசிவு என்பது வேறு சங்கதி. காப்புறை கெட்ட இடத்தில், உலோகக் கூடு வழியாகவோ தொட்டவர் உடம்பு வழியாகவோ மின்சாரம் நிலத்துக்கு இறங்குவது. அது பெரும்பாலும் மில்லிஆம்பியர் கணக்கு. 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கிற கருவி அதற்கென்றே இருக்கிறது. ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, 'கசிந்தபோது ஃபியூஸ் ஏன் போகவில்லை?' என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

குறுக்குச்சுற்று என்று போடுங்கள். புழக்கத்தில் உள்ள சொல்.

மா.

* * *

மா. அவர்களின் இயற்பியலோடு எனக்குச் சண்டை இல்லை, தமிழோடுதான். குறுக்கு என்றால் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது 'எதிர்வெட்டாக' என்ற பொருள். நீங்களே மேலே குறுக்குவெட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டு அலைகள் பாடத்தில் குறுக்கலை (குறுக்கு அலை) வேறு படிக்கப் போகிறான். மூன்றும் ஒரே குறுக்கா?

குறுமை + சுற்று = குறுஞ்சுற்று. குறுஞ்செய்தியைப் போல. மூலச்சொல்லுக்கும் நேர், புணர்ச்சியும் சுத்தம். தயவுசெய்து 'குறும்சுற்று' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

க.

* * *

குறுஞ்செய்தி சிறிய செய்தி. அப்படியென்றால் குறுஞ்சுற்று சிறிய சுற்று. உள்ளங்கையில் அடங்கும் கைவிளக்கின் சுற்றும் சிறியதுதான், அதில் என்ன கெட்டுப்போயிற்று? மா. சொன்ன கம்பியை 2 மீட்டராக நீட்டினாலும் விளைவு அதேதான். இங்கே குறைவது நீளமல்ல, தடை.

குறுகு என்பதன் பிறவினை குறுக்கு. பெருகு, பெருக்கு மாதிரி. குறுக்குவழியில் இருப்பது இந்தக் குறுக்குதான் என்பது என் கட்சி. மின்னோட்டம் விளக்கு வழியாகப் போகாமல் குறுக்குவழி பிடிக்கிறது. இதைவிடத் தெளிவாக ஆங்கிலச் சொல்கூடச் சொல்லவில்லை. இலக்கணத்திலும் பாருங்கள்: மகரம் அரை மாத்திரையிலிருந்து கால் மாத்திரையாகத் தேய்ந்தால் மகரக்குறுக்கம். மாத்திரை குறைந்தால் குறுக்கம், தடை குறைந்தால் குறுக்குச்சுற்று!

இ.

* * *

இ. இலக்கணத்தைத் திறந்துவிட்டதால் நானும் ஒன்று சொல்கிறேன். தொல்காப்பியப் புள்ளிமயங்கியல் மின், பின், பன், கன் என்ற நான்கும் தொழிற்பெயரைப் போல உகரம் பெறும் என்கிறது. 'மின்னுக்கடிது' என்பது உரை காட்டும் எடுத்துக்காட்டு. அந்தக் கணக்கில் மின்கலம் என்பதே பிழை. மின்னுக்கலம் என்றல்லவா வர வேண்டும்? மின்தடை மின்னுத்தடை. மின்சுற்று மின்னுச்சுற்று. இந்தத் துறையே ஒற்றுப்பிழையின்மேல் நிற்கிறது.

க.

* * *

மின்னுச்சுற்றா? ஐயா, நாளை மாலை அச்சு!

ந.

* * *

பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்ற முறையில் நுழைகிறேன். பிள்ளைகள் இடறி விழுகிற இடம் ஷார்ட் அல்ல. அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும், 'ஷார்ட் ஆயிடுச்சு டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். விழுகிற இடம் திறந்த சுற்று, மூடிய சுற்று. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். சுற்றைத் திறந்தால் மின்னோட்டம் நிற்கும், மூடினால் ஓடும். மின்னோட்டத்துக்குத் தண்ணீரை உவமை சொல்லிவிட்டு அடுத்த பக்கத்திலேயே இந்தச் சொற்களைப் போட்டால் முக்கால்வாசிப் பேர் தலைகீழாக எழுதுகிறார்கள். நான் வகுப்பில் அறுந்த சுற்று, முழுச்சுற்று என்கிறேன். சுற்று என்ற சொல்லிலேயே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவது இருக்கிறது. திரும்ப முடியாவிட்டால் அது அறுந்ததுதானே?

ப.

* * *

அக்கா, அறுந்த சுற்று அருமை. ஆனால் சாவியை (ஸ்விட்சை) அணைத்தால் எதுவும் அறுவதில்லையே? மாணவன் கம்பி அறுந்ததாக நினைத்துக்கொள்வான்.

இ.

* * *

நினைக்கட்டும். மின்னோட்டம் நிற்கும் என்று சரியாக எழுதுவானா இல்லையா?

ப.

* * *

சரி, நான் முடித்துக்கொள்கிறேன். எண்ணிப் பார்த்தால் குறுக்குச்சுற்றுக்கு மா., இ. இருவர். குறுஞ்சுற்றுக்கு க. ஐயா ஒருவர். ப. அக்கா யார் பக்கமும் இல்லை. ஏட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

'மின்னோட்டம் விளக்கு போன்ற கருவியின் வழியே செல்லாமல், தடை மிகக் குறைந்த வேறொரு வழியில் பெருமளவில் பாய்வது குறுக்கு சுற்று. இதைப் பேச்சில் ஷார்ட் என்பார்கள். இது மின்கசிவு அல்ல.'

அறுந்த சுற்று என்பதை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டேன், அக்கா. திறந்த சுற்றை எடுக்கத் துணிவு வரவில்லை. தேர்வில் அந்தச் சொல்லில்தான் கேட்பார்கள். கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. அனைவருக்கும் நன்றி.

ந.

* * *

> குறுக்கு சுற்று

ச் எங்கே? குறுக்கு வன்தொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும். குறுஞ்சுற்று என்று போட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

க.