பவளக்கொடி (1934) புராணப் படமா? ஆதாரம் காட்டுங்கள்

வைகைக்கரையான்: 1934ல் வந்த பவளக்கொடி "வியாச பாரதத்தை அப்படியே எடுத்த புராணப் படம்" என்று ஒரு புண்ணியவான் காணொளியில் அளந்துவிட்டிருக்கிறார். இங்கேயும் நாலு பேர் ஆஹா ஓஹோ என்கிறீர்கள். திரௌபதி, உலூபி, சித்திராங்கதை, சுபத்திரை என்று வியாசர் அர்ச்சுனனுக்குக் கட்டிவைத்த பெண்களில் பவளக்கொடி எங்கே? பாரதத்தின் பதினெட்டுப் பகுதிகளில் எந்தப் பர்வம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பழம்படப்பித்தன்: வந்துவிட்டாரய்யா கணக்குப் பார்க்க! அர்ச்சுனன் இருக்கிறான், கண்ணன் இருக்கிறான், நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் கிரீடத்தோடு பாடுகிறார். இதைப் புராணப் படம் என்று சொல்லாமல் துப்பறியும் படம் என்றா சொல்வார்கள்?

வைகைக்கரையான்: கேட்டது பர்வம். கிரீடம் இல்லை.

அல்லிமகள்: அர்ச்சுனன் மணந்த மதுரை அரசி அல்லியின் பிள்ளை புலந்திரன் விளையாடப் பவளத் தேர் கேட்டு அழுகிறான், அர்ச்சுனன் பவளம் தேடிப் போகிறான், போன இடத்தில் பவளக்கொடியைப் பார்த்து மயங்குகிறான், கண்ணன் வழக்கம்போல் உடந்தை. பவளக்கொடி மாலை என்று பெரிய எழுத்துப் புத்தகமாக வாங்கி ஊரெல்லாம் ராகம் போட்டுப் படித்த கதை இது. சங்கரதாஸ் சுவாமிகள் நாடகமாக்கினார், மேடையில் பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்தார்கள், அதே ஜோடியை வைத்து கே. சுப்பிரமணியம் படம் எடுத்தார். இதில் வியாசருக்கு என்ன வேலை?

செஞ்சொல்வேள்: அந்த மாலையைப் பாடியவர் நளவெண்பா தந்த புகழேந்தி. ஏதோ தெருக்கதை போல எழுத வேண்டாம் அம்மா.

அல்லிமகள்: நளவெண்பாவில் பத்துப் பாட்டு படித்தவர் இந்த மாலையைத் தொட்டாலே தெரியும், இரண்டும் ஒரே கை இல்லை என்று. விற்பதற்காகப் புகழேந்தி பெயரை ஒட்டியிருக்கிறார்கள். தெருக்கதை என்றால் உங்களுக்கு ஏன் அவ்வளவு கேவலமாகப் படுகிறது?

வைகைக்கரையான்: புகழேந்தி வரட்டும், ஒட்டக்கூத்தரே வரட்டும். பர்வம் எங்கே?

பழம்படப்பித்தன்: சித்திராங்கதைதான் ஐயா அல்லி. தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் அவளைப் பாண்டியன் மகள் என்றுதானே பாடுகிறார்? அல்லி பாரதத்துக்குள் வந்துவிட்டால் பவளக்கொடியும் வந்த மாதிரிதான்.

வைகைக்கரையான்: "வந்த மாதிரி"! சித்திராங்கதை மகன் பப்புருவாகனன், அல்லி மகன் புலந்திரன், பிள்ளையே வேறு, ஆனாலும் தாய் ஒருத்திதானாம். இவர்தான் போன முறை 1931ல் வந்த காளிதாஸ் சுத்தமான தமிழ்ப் படம் என்று மூன்று நாள் சாதித்தவர், நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம் அது என்று நான் எடுத்துக் காட்டியதும் ஆளைக் காணோம், இப்போது புதுப் பெயரில் புகுந்து வில்லிபாரதம் பேசுகிறார். வில்லியும் பவளக்கொடியைப் பாடவில்லை, தெரியுமா? வியாசரும் இல்லை, வில்லியும் இல்லை. அடுத்து யாரைக் கூட்டி வரப்போகிறீர்கள்?

பழம்படப்பித்தன்: பெயர் என் இஷ்டம். காளிதாஸை இங்கே இழுக்காதீர்கள்.

சும்மாபார்க்கவந்தவன்: சண்டைக்கு நடுவே ஒரு செய்தி. இந்தப் படம் அடையாறு மீனாட்சி சினிடோன் ஸ்டுடியோவில் வெயில் வெளிச்சத்தில் எடுத்தது. சாப்பாட்டுக்குக் கூடும் காக்கைகள் கத்திக் கத்தி ஒலிப்பதிவு நாசமாகிறது என்று, விரட்டுவதற்கே ஏர்கன்னோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். இந்தத் திரிக்கும் அப்படி ஒருவர் கிடைத்தால் தேவலை.

வைகைக்கரையான்: யாரைக் காக்கை என்கிறீர்கள்? பேரைச் சொல்லுங்கள்.

சும்மாபார்க்கவந்தவன்: நான் பொதுவாகச் சொன்னேன் அண்ணே.

வைகைக்கரையான்: பொதுவாகச் சொல்கிறவர்களால்தான் அந்தக் காணொளிக்காரர் துணிந்து பேசுகிறார். எல்லாமே பொதுவாக!

செஞ்சொல்வேள்: பாபநாசம் சிவன் பாட்டைப் பற்றி ஒருவராவது பேசினீர்களா? 50 பாட்டு! கதை எங்கிருந்து வந்தால் என்ன?

அல்லிமகள்: 50 பாட்டுக்கு நடுவே கதைக்கு இடம் ஏது, அதுதான் உங்களுக்கு அக்கறை இல்லை. 1949ல் டி.ஆர். மகாலிங்கத்தை வைத்து இதையே திரும்ப எடுத்தார்களே, பார்க்கிற மாதிரி இருப்பது அதுதான்.

பழம்படப்பித்தன்: மகாலிங்கத்தைக் கொண்டுவந்து பாகவதர் பக்கத்தில் நிறுத்துகிறீர்களா? இதற்கு வைகைக்கரையானே பரவாயில்லை.

வைகைக்கரையான்: உங்கள் சான்றிதழ் எனக்கு வேண்டாம். மகாலிங்கம் விஷயத்தில் அந்த அம்மா சொல்வது சரியே, அதற்குத் தனித் திரி போடுகிறேன், துணிச்சல் இருந்தால் பழைய பெயரிலேயே வாருங்கள்.